வேன்காரன் வீட்டு டீச்சர்

அடி அண்ணாமலையில் ஒரே வீட்டிலிருந்து தினமும் ரெண்டு பேர் பிள்ளை பிடிக்கக் கிளம்புகிறார்கள் என்று டீக்கடை மாறன் சொல்லிச் சிரிப்பான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் சிரிப்பார்கள். மணிவேலும் சிரித்துக்கொண்டேதான் டீயைக் குடிப்பான். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே.

காலையில் அவன் மஞ்சள் வேனைத் துடைத்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அண்ணாமலையார் படத்துக்கு ஒரு முழம் பூ செருகி, ஆரன் அடித்துக்கொண்டு பெரிய தெருவுக்குள் நுழைவான். டையும் ஷூவும் மாட்டிய பிள்ளைகள், முதுகை மறைக்கிற பையோடு ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். ஏற்றிக்கொண்டு போய் டவுனில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் இறக்கிவிடுவான். அதே நேரத்தில் அவன் மனைவி வினோதினி குடையை இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பாள். மலையடிவாரத்து இருளர் குடியிருப்பு, காலனி, கிரிவலப் பாதையில் எழும்பிக்கொண்டிருந்த லாட்ஜுக்குப் பின்னால் ஒரிசாக்காரர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகை என்று வாசல் வாசலாக நின்று குரல் கொடுப்பாள். மூக்கு ஒழுகிக்கொண்டு ஒன்று வரும். சட்டை போடாமல் ஒன்று வரும். தூக்கம் கலையாமல் ஒன்று இடுப்பில் ஏறிக்கொள்ளும். அவள் பால்வாடி டீச்சர். போர்டில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது பால்வாடிதான்.

மணிவேலும் ஒரு காலத்தில் அதே பால்வாடியில் தட்டோடு உட்கார்ந்தவன்தான். அப்போது பெரிய தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தார்கள். இப்போது கழனி இருக்கிறவன், கடை வைத்திருக்கிறவன், ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குப் போகிறவன் எல்லாரும் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டார்கள். வேறு போக்கில்லாத பிள்ளைகள்தான் பால்வாடிக்கு மிச்சம். யார் பிள்ளை எங்கே போகிறது என்று பார்த்தாலே அந்த வீட்டுச் சங்கதி தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு ஊர் ரெண்டாகப் பிரிந்திருந்தது. பிரிக்கிற வண்டியை ஓட்டுகிறவன் மணிவேல்.

இதை அவன் அதிகம் யோசித்ததில்லை. அந்த ஐப்பசியில்தான் யோசிக்க வேண்டி வந்தது.

கார்த்திகைப் பட்டத்து விதைக்கு மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. கூடத்தில் சாக்கை விரித்து மணிவேலின் அப்பா இராமலிங்கம் ஒரு பக்கம், மணிவேல் ஒரு பக்கம், நடுவில் வினோதினி. மாமியார் இல்லாத வீடு. அடுப்பில் கேழ்வரகுக் களி வெந்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் மகள் அறிவுமதி, மூன்று வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவள், உடைத்த பருப்பில் ஒன்று வாய்க்கும் ஒன்று முறத்துக்குமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தோல் உரியாம உடைங்க. தோல் போனா மொளைக்காது," என்றார் இராமலிங்கம்.

"சூப்பர்வைசர் மேடம் வராங்களாம்," என்றாள் வினோதினி, யாரிடமும் சொல்லாதது போல.

"எதுக்கு?" என்றான் மணிவேல்.

"புள்ளைங்க கம்மியா இருக்குதாம். இப்டியே போச்சுன்னா ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற சென்டரோட சேத்துடுவாங்களாம்."

"சேத்தா சேக்கட்டும். உன் வேல போவாது இல்ல?"

"என் வேல போவாது. மலையடில இருந்து வர்ற புள்ளைங்க தார் ரோட்டத் தாண்டி அவ்ளோ தூரம் வருமா? பஸ்ஸும் லாரியும் அந்தப் போக்கு போவுது. ஆத்தாக்காரி காலைல விறகுக்கும் பூவுக்கும் பூடுறா. யார் கொண்டாந்து வுடுவா? அதுங்க நின்னுடும்."

இராமலிங்கம் ஒரு கொட்டையை அழுத்தி உடைத்தார். "அதுக்கு மணி இன்னாம்மா பண்ணுவான்? அவன் தொழிலு அது."

"நான் அவர ஒன்னும் சொல்லலயே மாமா."

"சொல்லாம சொல்றியே."

வினோதினி சிரித்துவிட்டாள். மணிவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் வரை பால்வாடிக்கு வந்துகொண்டிருந்த நாலைந்து பிள்ளைகள் இந்த ஆடிக்கு மேல் அவன் வேனில்தான் வந்தன. அவனே வாசலில் நின்று, "அக்கா, எடம் ஒன்னு காலி கீது" என்று சொல்லிச் சேர்த்த பிள்ளைகள்.

இராமலிங்கம் விடவில்லை. "இன்னொன்னும் சொல்றேன் கேட்டுக்க. தை பொறந்ததும் பாப்பாவ இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டுடணும். டிரைவர் புள்ளைக்கு ஃபீஸ் கம்மி பண்றேன்னு ஸ்கூல் நடத்தற அம்மாவே சொல்லிட்டாங்களாமே. பெரிய தெருவே டை கட்டிக்கினு போவுது. நம்ம பாப்பா மட்டும் தட்டு தூக்கிக்கினு பால்வாடிக்குப் போனா சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க?"

"சம்பந்தி வூடுன்னா எங்கம்மா வூடுதான மாமா? அவங்க ஒன்னும் நெனைக்க மாட்டாங்க."

"சரி, ஊரு நெனைக்கும்."

வினோதினி இன்னொரு பிடி கொட்டையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கை உடைத்துக்கொண்டிருந்தது. மணிவேலைப் பார்த்துச் சொன்னாள். "வாசப்படில போய் நிக்கிறேன் இல்ல, புள்ளய அனுப்புங்கன்னு. எல்லாரும் ஒன்னுதான் கேக்கறாங்க. உன் புள்ளய எங்கம்மா சேக்கப் போறேன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

மணிவேல் அடுத்த கொட்டையை எடுத்தான். அறிவுமதி முறத்தைக் கவிழ்த்துவிட்டாள். எல்லாரும் பருப்பைப் பொறுக்கினார்கள். களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தார்கள். அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது.

வேனில் வருகிற பிள்ளைகளில் ஷிவானி என்று ஒரு குழந்தை. அடி அண்ணாமலைக் கோயில் குருக்கள் ஈஸ்வரின் மகள். நாலு வயது. ரெட்டைப் பின்னல், நெற்றியில் விபூதிக் கீற்று. வேனில் ஏறினால் இறங்கும் வரை வாயைத் திறக்காது. மற்ற பிள்ளைகள் சீட்டில் குதித்து இங்கிலீஷ் பாட்டைக் கத்தும்போது அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கும். சில நாள் வாந்தி எடுக்கும். மணிவேல் இறங்கி, வாயைக் கழுவிவிட்டு, தன் துண்டால் துடைத்து மறுபடி உட்கார வைப்பான்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் கிளாஸ் மிஸ் அவனைக் கூப்பிட்டாள். "டிரைவர் அண்ணா, ஷிவானியோட அம்மாவ வந்து பாக்கச் சொல்லுங்க. கலர் கேட்டா தெரியல, நம்பர் கேட்டா தெரியல. எதுக்குமே ரெஸ்பான்ஸ் இல்ல. இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல உக்கார வைக்கணும். டாக்டர் யார்கிட்டயாவது காட்டினாலும் நல்லது."

இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தான். குருக்கள் வீட்டு வாசலில் ஷிவானியின் அம்மா ஹைமவதி கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். வயது குறைந்த பெண். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"என்ன மணி, முகமே சரியில்லையே? குழந்தை மறுபடி வாந்தி எடுத்தாளா?"

"இல்லம்மா." தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தான்.

ஹைமவதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தெரியலையா? இவளுக்கா? ஆத்துல வாய் ஓயறதே இல்லை மணி. எங்க மாமனார் பூஜை பண்றச்சே கூடவே நின்னு அவரையே திருத்தறா. டாக்டர்கிட்ட காட்டணும்னா சொன்னா?"

"அவங்க சொன்னத நான் சொன்னேம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"உங்களை என்ன சொல்ல." அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஷிவானி வேன் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அதன் குரல் மணிவேலுக்குக் கேட்டது. என்ன பேசுகிறது என்று தெரியவில்லை. ஆனால் கணகணவென்று பேசியது.

ஐப்பசிப் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தது. மற்றப் பௌர்ணமிக்கெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் கிரிவலப் பாதையில் வண்டியை நிறுத்துவார்கள். அதற்குள் மணிவேல் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டியும் வந்துவிடுவான். இந்த முறை வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்ததில் முந்தின நாள் ராத்திரியே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதைக்கு வந்தால் குறுக்கே தடுப்பு. மழையில் நனைந்த போலீஸ்காரர் கையை ஆட்டினார்.

"சார், ஸ்கூல் புள்ளைங்க."

"எந்தப் புள்ளைங்களா இருந்தாலும் ஒன்னும் பண்ண முடியாது. திருப்பு, திருப்பு."

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டான். வர முடியாவிட்டால் லீவு போடச் சொல்லுங்கள் என்றார்கள். பெற்றவர்களுக்குப் போட்டான். ஒருத்தருக்கும் கை ஓயவில்லை. ஒருவர் சுக்குக் காப்பிக் கடை, ஒருவர் பூக்கடை, ஒருவர் கார் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கிழிக்கிறார். "இன்னா மணி, இந்நேரத்துல? ஜனம் சாயுது. கொஞ்ச நேரம் நீயே வச்சிக்க, புண்ணியமாப் போவும்." ஹைமவதி மட்டும் ரொம்ப வருத்தத்தோடு பேசினாள். "இன்னிக்கு அன்னாபிஷேகம் மணி. ஆத்துல மூணு அடுப்பு எரியறது. அத்தனை அரிசியும் வடிச்சாகணும். உச்சிக்குள்ள கோயிலுக்குப் போகணும். குழந்தையை எங்க விடறதுன்னு எனக்கே தெரியல."

வேனுக்குள் பிள்ளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. மழை வலுத்தது. மணிவேல் வண்டியைத் திருப்பினான். வேறு எங்கே போவது? பால்வாடிக்குத்தான் விட்டான்.

ஆயா கஸ்தூரி அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வேனிலிருந்து டையும் ஷூவுமாக இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து அரிசியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னா தம்பி இது? இம்மாம் புள்ளைங்களுக்கு நான் எங்க போவேன்? அளந்து வச்ச அரிசி ஆச்சே!"

"எல்லாம் டப்பால சோறு வச்சிருக்குது ஆயா. மழ விடற வரைக்கும் இருக்கட்டும்."

வினோதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "ஷூவக் கழட்டி இப்படி வைங்க. டையையும் கழட்டிடுங்கடா, கழுத்த இறுக்கப் போவுது," என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. அவ்வளவுதான். தினமும் வருகிற பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

மணிவேல் போயிருக்கலாம். மழை என்று சொல்லிக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவன் உட்கார்ந்து பார்த்ததில்லை. மூட்டை இறக்க வந்திருக்கிறான், வாசலோடு போயிருக்கிறான்.

முதலில் ரெண்டு கூட்டமாகத்தான் பிள்ளைகள் உட்கார்ந்தன. வேன் பிள்ளைகள் சுவரோரம், பால்வாடிப் பிள்ளைகள் ஜன்னலோரம். அன்றைக்கு அம்மாவோடு வந்திருந்த அறிவுமதி மட்டும் ரெண்டு பக்கமும் நடந்தது. வினோதினி யாரையும் சேர்ந்து உட்காரச் சொல்லவில்லை. ஒரு கூடை புளியங்கொட்டையை நடுவில் கொட்டிவிட்டு, "எனக்கு ஒரு மலை வேணும். யாரு பெருசாக் கட்றீங்கன்னு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போய் ஒரிசாக்காரப் பிள்ளைக்குத் தலை துவட்ட ஆரம்பித்தாள். கொட்டை நடுவில்தான் இருந்தது. அள்ள வேண்டுமானால் நடுவுக்குத்தான் வர வேண்டும்.

ஷிவானி வரவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு நின்றது. இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற வள்ளி என்கிற குழந்தை, அதே வயதுதான் இருக்கும், அதன் பக்கத்தில் போய் நின்று முகத்தையே பார்த்தது. பிறகு கையிலிருந்த கொட்டைகளை அதன் கையில் கொட்டிவிட்டு இன்னும் அள்ளிக்கொண்டு வரப் போனது. திரும்பி வந்தபோது ஷிவானி கீழே உட்கார்ந்திருந்தது.

"இது மலை இல்லை," என்றது ஷிவானி. "இது சாமி."

மணிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சாமிக்கு அன்னம் சாத்தணும். அன்னம் எங்க?"

வள்ளி தாழ்வாரத்து ஈர மணலைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், ஷிவானி எழுந்து நின்றுவிட்டது. "எல்லாரும் தள்ளி உக்காருங்கோ! பக்தாள் எல்லாம் லைன்ல வாங்கோ! யாராவது மணி அடிங்கோ!" அறிவுமதி ஓடிப்போய்க் கரண்டியும் தட்டும் எடுத்து வந்து அடித்தது. வள்ளி ஒரு டப்பாவைக் கவிழ்த்து மேளம் கொட்டியது. வேனில் எப்போதும் அடம் பிடிக்கிற ஒரு பையன் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு, "திருப்பு, திருப்பு! வண்டி போவக் கூடாது!" என்று காலையில் பார்த்த போலீஸ்காரராக மாறிவிட்டான். ஒரிசாக்காரப் பிள்ளைக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. அது கையைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு எல்லாரையும் சுற்றிச் சுற்றி நடந்தது. அதற்குக் கிரிவலம் தெரிந்திருந்தது. கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து அது தினம் பார்க்கிறதே.

கஸ்தூரி அடுப்பை விட்டு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நேரத்தில்தான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு சூப்பர்வைசர் மேடம் வந்து நின்றார்.

நடுத்தர வயது, சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. வண்டி போகாததால் தடுப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். உள்ளே நிறைந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே வினோதினி. கம்மின்னு சொன்னாங்க, நல்லா ஜாஸ்தியா இருக்காங்களே?"

மணிவேல் மூட்டையிலிருந்து எழுந்தான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. "ஆமா மேடம், எல்லாம் நம்ம ஊர்ப் புள்ளைங்கதான். மழைன்னா கூட வந்துடும்."

வினோதினி அவனைப் பார்த்தாள். "இல்லிங்க மேடம். பாதி புள்ளைங்க வேன் புள்ளைங்க. டவுன் ஸ்கூலுக்குப் போறதுங்க. ரோட்ட அடச்சிட்டாங்கன்னு இவர் இங்க கொண்டாந்து வுட்டார். இவர் எங்க வூட்டுக்காரர்தான்."

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளையாட்டைப் பார்த்தார். யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கவில்லை.

தீபாராதனை முடிந்து ஷிவானி பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தது. மண் உருண்டை. "செவப்புச் சட்டைக்கு ஒண்ணு. பச்சைப் பாவாடைக்கு ஒண்ணு. ஊதாச் சட்டை, நீ ரெண்டு வாங்கிட்டே, குடு திருப்பி. இன்னும் மூணு பேர் இருக்கா, மூணு உருண்டை வேணும்."

"இந்தக் குழந்தை யாரு?" என்றார் மேடம் மெதுவாக. "நெறம் சொல்றா, ஆளுக்கு ஒன்னா எண்ணிக் கொடுக்கறா, மிச்சம் எத்தனைன்னும் சொல்றா."

மணிவேலால் அடக்க முடியவில்லை. "மேடம், இந்தப் பாப்பாவுக்குத்தான் ஒன்னும் தெரியல, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு ஸ்கூல்ல சொல்லி அனுப்பிச்சாங்க. நான்தான் போய்ச் சொன்னேன்."

"புரியாத பாஷையில கேட்டா நானும்தான் முழிப்பேன், தம்பி." மேடம் வினோதினி பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளைங்கள நான் கணக்குல எடுத்துக்க முடியாது. தெரியும் இல்ல? ஆனா இவங்க அம்மா அப்பாவ நீ போய்க் கேட்டியா?"

"எல்லா வாசல்லயும் நின்னு கேட்டேன் மேடம்." வினோதினி மண் ஒட்டியிருந்த அறிவுமதியின் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்க வூட்டு வாசல்லதான் இன்னும் கேக்கல."

மேடத்துக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டிருக்க வேண்டும், சிரித்தார். மணிவேல் வெளியே போய் மழையில் வேனுக்குப் பக்கத்தில் நின்றான். கதவைத் திறந்து மூடினான். துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்தான்.

மத்தியானம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தன. கஸ்தூரியின் தக்காளிச் சாதம் ஒரு பக்கம், டப்பாக்களில் வந்த பூரியும் நூடுல்ஸும் ஒரு பக்கம். கையும் சோறும் கலந்துபோய்விட்டன. ஷிவானி தன் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு வள்ளியின் தட்டைப் பார்த்தது. வினோதினி அதைக் கவனித்து, "ஒங்க அம்மாவக் கேட்டுட்டு அப்புறம் சாப்பிடலாம் கண்ணு," என்றாள். அதற்குள் வள்ளி ஒரு கவளத்தை அதன் வாயில் வைத்துவிட்டது.

மேடம் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். தைக்குள் இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் சேர்ந்தால் சென்டரை அசைக்க மாட்டேன், அது என் பொறுப்பு என்றார்.

மழை விட்டு, வெயில் சாய்கிற நேரத்தில் ஹைமவதி வந்தாள். கையில் வாழையிலை மூடிய தூக்கு. அடுப்பு வெக்கையில் முகம் சிவந்து, முந்தானை முழுக்கக் கஞ்சி. "அன்னாபிஷேகப் பிரசாதம், டீச்சர். குழந்தைகளுக்குக் குடுங்கோ. இவ படுத்தினாளா?"

ஷிவானி பதிலுக்கு இடமே கொடுக்கவில்லை. சாமி கட்டியது, வள்ளி மேளம் அடித்தது, போலீஸ் நின்றது, ஊதாச் சட்டை ஏமாற்றியது, தக்காளிச் சாதம் காரமாக இருந்தது எல்லாம் மூச்சு விடாமல் வந்தது. ஹைமவதி கேட்டுக்கொண்டே இருந்தவள் தக்காளிச் சாதத்தில் ஒரு கணம் நின்றாள். வினோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இருக்கட்டும் டீச்சர்." ஹைமவதி மகளின் வாயோரத்தில் ஒட்டியிருந்த சிவப்பைக் கட்டைவிரலால் துடைத்தாள். "நாளைக்கும் இங்க வரலாமா இவ?"

"நாளைக்கு சனிக்கிழமம்மா. திங்கக்கிழம கூட்டிக்கினு வாங்க."

"மாமனார் கொஞ்சம் முணுமுணுப்பார். பூஜை பண்ற ஆத்துக் குழந்தை எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடறதான்னு கேப்பார். சாப்பாடு நான் ஆத்துலேர்ந்து கட்டிக் குடுத்துடறேன்னு சொல்லிப்பேன். அப்புறம் இவ என்ன சாப்பிடறாளோ, அது இவளுக்கும் வள்ளிக்கும் உள்ளது." அவள் சிரித்தாள். பிறகு மணிவேலைப் பார்த்து, "உங்களுக்குத்தான் மணி ஒரு சீட்டு குறையும். தப்பா நினைச்சுக்காதீங்கோ," என்றாள்.

"இன்னாம்மா நீங்க. அந்தப் பாப்பா வாந்தி எடுக்கறதப் பாக்கறதுக்கு இது எவ்ளோ மேலு," என்றான் மணிவேல்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவனே பேச்சை எடுத்தான். வெளியே ஜனம் "அண்ணாமலைக்கு அரோகரா" சொல்லிக்கொண்டு போகிற சத்தம் அலை மாதிரி வந்துகொண்டிருந்தது.

"நைனா, பாப்பாவ பால்வாடில போடலாம்னு இருக்கறேன்."

இராமலிங்கம் களி உருண்டையைக் கையில் வைத்தபடி பார்த்தார். "இவ சொன்னாளா?"

"இவ ஒன்னும் சொல்லல. நானே போய்ப் பாத்தேன்."

"ஊர்ல எல்லாம் வேன்ல போவுதுடா. நீயே வேன் ஓட்றவன். உன் புள்ளயே ஏறலன்னா நாளைக்கு எவன்டா ஏத்துவான்?"

"ஏத்தறவன் ஏத்துவான் நைனா. அக்கம்பக்கத்து ஊர்ல கேட்டுக்கினேதான் கீறாங்க. பெருசான புள்ளைங்கள ஏத்திக்கறேன். பால்குடி மறக்காத புள்ளைங்கள வாரி வாரிப் போட்டுக்கினு போறது எனக்கே பாக்க சகிக்கல."

"காலனிப் புள்ளைங்களோட உக்காரும்."

"உக்காரட்டுமே. நான் உக்காந்தவன்தான. கெட்டா போய்ட்டேன்?"

"நீ தள்ளி உக்காந்த," என்றார் இராமலிங்கம். சொன்னபிறகு அவருக்கே அது நன்றாகப் படவில்லை போலிருக்கிறது. குனிந்து குழம்பைத் தொட்டுக்கொண்டார். வினோதினி அவர் தட்டில் இன்னொரு கரண்டி கீரை வைத்தாள். அதைத் தொட்டுக்கொண்டே, "இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பியா நீ?" என்று கேட்டார்.

"ஏ பி சி டி எல்லாம் உண்டு மாமா. நாளைக்கு நீங்களே வந்து பாருங்க."

"நாளைக்கு சனிக்கிழம ஆச்சே, பால்வாடி ஏது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதுதான் சம்மதம்.

திங்கட்கிழமை வினோதினி வழக்கம் போல முன்னாலேயே போய்விட்டாள். மணிவேல் அறிவுமதியைக் குளிப்பாட்டி, தலையை ஒரு பக்கமாகவே வாரி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். பிள்ளையை விட வந்த பெண்கள் ரெண்டு மூன்று பேர் வாசலில் நின்றிருந்தார்கள். வேன்காரன் தன் மகளோடு நடந்து வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

"டீச்சர்," என்றான் வாசலில் நின்று. "எங்க பாப்பாவ சேக்கலாம்னு வந்தேன்."

வினோதினி நிமிர்ந்தாள். சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டாள். "பாப்பா பேரு இன்னாங்க?"

"அறிவுமதி."

"அப்பா இன்னா பண்றாரு?"

"வேன் ஓட்றாரு."

"அம்மா?"

"டீச்சரு." அவன் மகளின் தலையை ஒரு தரம் தடவினான். "நல்ல டீச்சரு."

கஸ்தூரி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. வினோதினி சட்டென்று திரும்பி, பாயை விரிப்பது போலக் குனிந்துகொண்டாள். அறிவுமதி அப்பன் கையை உதறிவிட்டு உள்ளே ஓடியது. அங்கே ஷிவானியும் வள்ளியும் ஏதோ சண்டையில் இருந்தார்கள். அது நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மணிவேல் அங்கேயே நின்றான்.

"கிளம்புங்க," என்றாள் வினோதினி, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு. "அப்பாங்க நின்னுக்கினு இருந்தா புள்ளைங்க மனசு அலையும்."

"அது அலையலயே."

"அப்ப நீங்க அலையாதீங்க. போங்க, அந்தப் புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்."

அன்றைக்குப் பெரிய தெருவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனான். ஒரு வீட்டு வாசலில் பையன் டையோடு நிற்க, அவன் அம்மா இடுப்பில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மணி, இவ்ளோ லேட்டு?"

"எங்க பாப்பாவ இன்னிக்கு சேத்துட்டு வரேன் அக்கா."

"எங்க, டவுன்லயா?"

"இங்கதான். பால்வாடில."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று பார்த்திருப்பாள். இடுப்பிலிருந்த பிள்ளை நழுவியது, தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். "வேன்காரன் நீயே அங்க சேத்துட்டியா? அப்ப இவன?" என்று இழுத்தாள். "தைக்கு இவன உன் வேன்ல போடலாம்னு இருந்தேன். அங்க எடம் இருக்குமா?"

மணிவேல் பெரியவனைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான்.

"நெறைய இருக்குது அக்கா," என்றான். "டீச்சர் அங்கதான் இருப்பாங்க. இப்பவே போய்க் கேளு."

அவள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையோடு தெருவில் இறங்கி நடந்தாள்.